சாயமா, தீந்தையா?

மரத்திற்கு ஆடை இரு வகை. ஒன்று அதன் உடலினுள் ஊறி, அதன் வரிகளை மேலும் துலக்கிக் காட்டுவது. மற்றையது அதன் மேலே படிந்து, வரிகளை மறைத்துத் தன் நிறத்தையே காட்டுவது. முன்னையதைச் சாயம் என்றும் பின்னையதைத் தீந்தை என்றும் நம்மவர் வழங்கி வந்தனர். தீந்தை என்னும் சொல் போர்த்துக்கேயரின் ‘திந்தா’ என்பதிலிருந்து நமக்கு வந்தது. நம் கரையோரங்களில் பன்னெடுங்காலம் புழங்கியதால் இன்று அதனை வேற்றுமொழிச் சொல் என்று எவரும் எண்ணுவதில்லை. கனடாவில் வளரும் நம் பிள்ளைகளோ அதனைப் ‘பெயின்ற்’ என்றே அறிவர். இவ்விரண்டினுள் எது சிறந்தது என்னும் வினா, சென்ற மாரிகாலத்தில் ரெக்ஸ்டேலில் உள்ள எமது மாடிக் குடியிருப்பின் உணவு மேசையில் எழுந்தது. பல வாரங்கள் நீடித்த அவ்வாராய்ச்சியின் பயனை இம்மலர் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

வினாவை எழுப்பியவள் எட்டாம் தரத்திற் பயிலும் என் மகள். ஹலிபக்ஸ் நகரில் வாழும் அவளுடைய மாமா, பிறந்தநாட் பரிசாக ‘புளூநோஸ்’ கப்பலின் மாதிரியுருவைக் கட்டுவதற்கான பொதியொன்றை அனுப்பியிருந்தார். நாம் நாள்தோறும் கையாளும் பத்துச் சத நாணயத்தில் 1937ஆம் ஆண்டு முதல் பொறிக்கப்பட்டு வரும் பாய்க்கப்பல் அதுவே. பொதியினுள் ஏராவாக அமையும் நீண்ட பலகை, வங்குகளாக அமையும் குறுக்குப் பலகைகள், அவற்றின்மேல் ஒட்டுதற்குரிய மெல்லிய மரக் கீலங்கள், பாய்மரங்கள், நூல்கள் என யாவும் இருந்தன. அளவு அறுபத்து நான்கில் ஒன்று. மெய்யான கப்பலின் நீளம் 143 அடி. ஆகவே மேசை மீதிருந்த கப்பலின் உடல் ஏறக்குறைய 27 அங்குலம். மூன்று மாதம் கீலங்களை ஒவ்வொன்றாக நீரில் நனைத்து, வளைத்து, ஒட்டி, அரத்தாளால் தேய்த்து உடலை முடித்தாள். முடித்த அன்று மாலை, “அப்பா, இதுக்குச் சாயம் போடுறதா, பெயின்ற் அடிக்கிறதா?” என்றாள்.

உடனே விடை கூற இயலவில்லை. இரண்டினதும் இயல்பை அறிந்த பின்னரே தெரிவு செய்தல் முறையென்று இருவருமாக ஆராயத் தொடங்கினோம்.

அப்பொதியிலிருந்த மரம் பாஸ்வுட் என்பது. ஒன்ராறியோவின் தென்பகுதிக் காடுகளிலும் தானாக வளர்வது. மென்மையானது. கத்திக்கு இணங்குவது. வரிகள் வெளித்தெரியாதது. செதுக்குவோர் அதனை விரும்புதற்கு இவையே காரணங்கள். ஆயின் சாயத்தை ஏற்பதில் அது சீரான மரம் அன்று. ஓரிடத்தில் மிகுதியாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் உறிஞ்சுவதால், மேகம் படர்ந்தாற் போலத் திட்டுத் திட்டாகத் தோன்றும். இதனைத் தவிர்ப்பதற்குச் சாயத்தின் முன்னர் மெல்லிய முற்பூச்சு ஒன்றைத் தடவி, மரத்தின் தாகத்தை ஓரளவு தணித்துவிடுதல் வேண்டும். அரத்தாளின் நுண்மையும் இங்குக் கணக்கிற்குரியது. 220 இலக்கத் தாளால் தேய்த்த மரம், 400 இலக்கத் தாளால் தேய்த்த மரத்தைவிட மிகுந்த சாயத்தைக் குடிக்கும். இன்னுமொன்று: பசை பட்ட இடம் சாயத்தை ஏற்காது. கீலங்களின் இடுக்கிலே கசிந்த பசை கண்ணுக்குத் தெரியாமலே காய்ந்திருக்கும். சாயம் பட்டதும் அவ்விடம் வெண்மையாகத் தோன்றித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இடைவெளிகளை நிரப்பிய மரப்பசையும் அவ்வாறே வேறுபட்டு நிற்கும். ஆக, சாயம் என்பது வேலைப்பாட்டின் குறைநிறை அனைத்தையும் ஊரறியச் செய்வது.

தீந்தையின் இயல்பு இதற்கு மறுதலை. இடைவெளிகளை நிரப்பி, தேய்த்து, அடிப்பூச்சு ஒன்றைப் பூசி, அதன்மேல் நிறத்தைப் பூசினால், கீழே எத்தனை மரங்கள் எவ்வாறு பொருந்தின என்பதைப் பிறர் அறியார். அதனால் அது எளிதென எண்ணுதல் தவறு. பளபளப்பான கருந்தீந்தையின் கீழ் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒளி பட்ட மாத்திரத்தே அது தெரியும். தடிப்பும் தீமை செய்யும். ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தடிப்புள்ள பூச்சு சிறிதெனவே தோன்றும். ஆயின் அறுபத்து நான்கு மடங்கு பெருக்கிப் பார்த்தால், மெய்யான கப்பலின்மேல் ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பில் தீந்தையை அப்பியதற்கு அது ஒப்பாகும். அவ்வாறு அப்பினால் பலகைகளின் விளிம்புகளும் நுண்ணிய வேலைப்பாடுகளும் மூழ்கிப்போம். ஆதலின் நீர்த்த பூச்சாகப் பலமுறை பூசி, இடையிடையே நன்கு உலரவிடுதலே நெறி.

மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் கருதவேண்டியன வேறும் உண்டு. மாரிகாலத்தில் வெப்பமூட்டியின் காற்று வீட்டை உலர்த்துவதால் மரம் சுருங்கும். கீலங்களிடையே மெல்லிய வெடிப்புகள் தோன்றும். பூச்சு எதுவாயினும், ஒருபுறம் மட்டும் பூசி மறுபுறத்தை வெறுமையாக விட்டால் மெல்லிய பலகை வளையும். எண்ணெய் கலந்த சாயத்தின் மணம் மூடிய அறைக்கு ஏற்றதன்று. பல்கனியிலோ தை, மாசி மாதக் குளிரில் எதுவும் உலராது. எல்லாவற்றிலும் முதன்மையானது, எண்ணெய்ச் சாயம் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது என்பது. அவ்வெண்ணெய் காற்றோடு கலந்து உலரும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணியினுள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் திரண்டு, நெருப்பின்றியே தீப்பற்றும். துணியை விரித்து உலர்த்துக. அன்றேல் நீர் நிறைந்த தகரக் குவளையில் அமிழ்த்தி மூடுக. இதனைப் பெற்றோர் மனங்கொள்ளல் நன்று. நாங்கள் நீரிற் கரையும் வகைகளையே வாங்கி, சித்திரை மாதம் வரை காத்திருந்தோம்.

காத்திருந்த அக்காலமே பயனுடையதாயிற்று. ஒருநாள் என் தாயார் மேசையருகே வந்து அமர்ந்தார். அவர் வடமராட்சிக் கரையிலே பிறந்து வளர்ந்தவர். 1950களில், சிறுமியாக இருந்தபோது, வல்வெட்டித்துறைக் கடலில் நங்கூரமிட்டு நின்ற பாய்க்கப்பல்களைக் கண்டவர். மாதிரிக் கப்பலின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “எங்கட ஊர்க் கப்பலுக்குப் பெயின்ற் ஆர் அடிச்சது பிள்ளை? சுறா எண்ணெய் எல்லோ பூசுறவை. கப்பல் வாறது கண்ணுக்குத் தெரிய முந்தி மூக்குக்குத் தெரியும்” என்றார். பேர்த்தி சிரித்தாள். சிரித்துவிட்டு, “எங்கட ஊரிலயும் இப்பிடிக் கப்பல் கட்டினவையோ, அப்பம்மா?” என்று கேட்டாள்.

அக்கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. பத்துச் சத நாணயத்துக் கப்பலை என் மகள் நன்கறிவாள். அது 1921ஆம் ஆண்டு நோவா ஸ்கோஷியாவின் லூனன்பேர்க் துறையில் நீரில் இறக்கப்பட்டது, வில்லியம் றூவே அதனை வரைந்தார், அங்கஸ் வோல்ற்றேர்ஸ் அதன் தலைவராக இருந்தார், 1946இல் ஹெயிற்றிக் கரையருகே பாறையில் மோதி அழிந்தது என்பனவெல்லாம் பொதியோடு வந்த ஏட்டிலேயே இருந்தன. ஆனால் தன் அப்பம்மாவின் ஊரிலிருந்து அமெரிக்கா வரை சென்ற ‘அன்னபூரணி’ என்னும் கப்பலைப்பற்றி எந்தப் பொதியிலும் எந்த ஏடும் வரப்போவதில்லை. அதனை அவளுக்குச் சொல்ல வேண்டியவர் நாமே.

அன்று இரவு சொன்னேன். வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ 89 அடி நீளமானது. இரண்டு பாய்மரங்களை உடையது. அத்தகைய கப்பல்களிலே நம்மவர் நாகபட்டினத்துக்கும் பர்மாவின் இரங்கூனுக்கும் சென்று நெல்லும் அரிசியும் தேக்கும் ஓடும் ஏற்றி வந்தனர். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி, 1928 முதல் 1931 வரை 32 அடிச் சிறு கலமொன்றில் உலகைச் சுற்றி வந்தவர். அவர் அன்னபூரணியை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்தினர். செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் மாகடல் என்பவற்றைத் தாண்டி, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர்த் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது. பொஸ்ரன் நகரப் பத்திரிகை அச்செய்தியை வெளியிட்டது.

குளோஸ்ரர் என்ற பெயரைக் கேட்டதும் மகள் நிமிர்ந்து, பொதியின் ஏட்டைப் புரட்டினாள். அதே 1938ஆம் ஆண்டு ஒக்ரோபரில், புளூநோஸ் தன் இறுதிப் பெரும் போட்டியை ஓடியது. ‘கேட்றூட் எல். தீபோ’ என்னும் அமெரிக்கக் கப்பலோடு ஐந்து ஓட்டங்கள் கொண்ட அப்போட்டி, பொஸ்ரன், குளோஸ்ரர் ஆகிய துறைகளின் கடலிலேயே நிகழ்ந்தது. மூன்றில் வென்று புளூநோஸ் கிண்ணத்தைக் காத்தது. லூனன்பேர்க்கிற் கட்டிய கப்பலும் வல்வெட்டித்துறையிற் கட்டிய கப்பலும் இரண்டு மாத இடைவெளியில் ஒரே ஊரின் கடலைத் தொட்டன. இவை இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பார்க்க, இரண்டு ஊர்களுக்கும் உரியவளான ஒரு பிள்ளை வேண்டியிருந்தது போலும்.

“அப்ப ரெண்டு கப்பல் கட்டவேணும்” என்றாள். ஒரு வினா இரண்டாயிற்று.

இனி, பூச்சுப்பற்றிய ஆராய்ச்சி வேறொரு தளத்திற்குச் சென்றது. எது அழகு என்று கேட்பதை விடுத்து, எதற்கு எது பொருந்தும் என்று கேட்கலானோம். நம் கோயில்களை நோக்கினால் விடையின் ஒரு பகுதி அங்கே கிடைக்கிறது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் வாகனங்களுக்கு வண்ணம் தீட்டுவர். மயில் நீலமும் பச்சையுமாகத் தோன்றும். குதிரை வெண்மையாகத் தோன்றும். ஆயின் தேரிலுள்ள சிற்பங்கள் பெரும்பாலும் மரத்தின் நிறத்திலேயே, எண்ணெயோ வார்னிஷோ பூசப்பட்டு நிற்கும். இரண்டும் மரமே. இரண்டும் தச்சரின் கைவேலையே. வேறுபாடு ஏன்? வாகனம் மற்றொன்றின் உருவம். மயிலைப் போன்றிருத்தலே அதன் கடன். இரவுத் திருவிழாவில் விளக்கொளியிலே தூரத்தில் நிற்பவரும் மயிலெனக் காணவேண்டும். தேரோ எதனையும் போன்றிருக்க வேண்டியதில்லை. அது தானே தேர். அதன் மரமும் அதன் உளி வேலையுமே அதன் சிறப்பு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மாதிரிக் கப்பல் வாகன இனம். புளூநோஸ் கரிய கப்பல். அதனை நாணயத்திற் கண்டவர், கரையிற் கண்டவர், யாவர் மனத்திலும் அது கரிய கப்பலே. கடல்நீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் மரத்தைக் காத்தற்கு மீனவர் பூசிய தீந்தை அது. அதனை நீக்கி வெறும் மரமாகக் காட்டுதல், அழகாயினும், புளூநோஸைக் காட்டுதல் ஆகாது. அதேவேளை அக்கப்பலிலும் தீந்தை படாத இடங்கள் இருந்தன. நடந்து தேய்கின்ற தளப் பலகைகள் மரமாகவே இருந்தன. பாய்மரங்கள் ஒறிகன் தேவதாரு. ஆக, உடல் கருமை. தளமும் பாய்மரமும் மரநிறம். இவ்வாறு முதற் கப்பலின் வழக்குத் தீர்ந்தது.

இரண்டாவது கப்பலுக்கு அத்தீர்ப்பு ஒவ்வாது. முதலாவது, அதன் பழைய படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்கள். மரத்தின் நிறமும் பூச்சின் நிறமும் ஒரே சாம்பலாகவே அவற்றில் தெரிகின்றன. நாமாக ஒரு நிறத்தைப் பூசினால், பார்ப்பவர் அதனையே உண்மையென்று கொள்வர். தீந்தை தயக்கத்தோடு பேச அறியாது. எந்த நிறமாயினும் உறுதியாகவே பேசும். இரண்டாவது, மாதிரியுருவின் பயன் ஒன்றன்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கடற்படைச் சபைக்கென ஆக்கப்பட்ட மாதிரிக் கப்பல்கள் பலவற்றில், நீர்மட்டத்தின் கீழே பலகை மூடாது வங்குகளை வெளியே தெரியவிட்டனர். அவ்விடத்து மரத்திற்கு வண்ணமும் பூசவில்லை. கப்பல் எப்படித் தோன்றியது என்பதைவிட, எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் காட்டுதலே அங்கு நோக்கம் என்பது பார்த்த மாத்திரத்தே விளங்கும்.

அன்னபூரணியைப்பற்றி நம் பிள்ளைகள் அறியவேண்டியதும் அதுவே. அது எந்த நிறத்தில் இருந்தது என்பது சிறு செய்தி. கடலோரத்துச் சிற்றூரொன்றின் ஓடாவிகள் வேப்பமரத்தையும் இலுப்பைமரத்தையும் அறுத்து, ஏராவை இட்டு, வங்குகளை நிறுத்தி, பலகைகளைப் பொருத்தி, இடுக்குகளிலே பஞ்சையும் குங்கிலியத்தையும் செலுத்திக் கலப்பற்று அடித்து, அத்திலாந்திக் மாகடலின் அலைகளைத் தாங்கும் கலமொன்றை ஆக்கினர் என்பதே பெருஞ் செய்தி. அதனைச் சொல்ல வல்லது மரமேயன்றி வண்ணமன்று.

மற்றுமொரு நியாயமும் உண்டு. அதனைக் கூறியவர் என் தாயார். “எண்ணெய் பூசின மரத்துக்குப் பிறகு பெயின்ற் அடிக்கலாம். பெயின்ற் அடிச்ச மரத்துக்கு எண்ணெய் ஏறாது” என்றார். நன்கு உலரவிட்டு இடைப்பூச்சு ஒன்றைப் பூசினால் சாயத்தின்மேல் தீந்தை பிடிக்கும். தீந்தையின்மேல் சாயம் ஊறாது. பின்னொருநாள் அன்னபூரணியின் நிறத்தைச் சான்றோடு எவரேனும் நிறுவினால், அன்று பூசிக்கொள்ளலாம். வழி திறந்தே இருக்கிறது. திரும்பி வர இயலாத வழியை, அறிய வேண்டியதை அறிந்த பின்னரே தெரிதல் வேண்டும் என்பது கப்பலுக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று.

இவ்விடத்தில் எனக்குள் ஓர் ஆசிரியர் எழுந்து நின்றார் என்பதை மறைப்பதற்கில்லை. “பார்த்தாயா, மேற்பூச்சு எதுவாயினும் உள்ளிருக்கும் வரி அழியலாகாது. கனடாவில் வளரும் நீங்களும் அப்படித்தான்...” என்று தொடங்கினேன். மகள் கையை உயர்த்தி, “அப்பா, இது கப்பல். நான் கப்பல் இல்லை” என்றாள். அப்பம்மா பேர்த்தியின் பக்கமே சாய்ந்து சிரித்தார். அவள் கூற்றில் நியாயம் இருந்தது. பிள்ளைகளுக்கு எப்பூச்சைப் பூசலாம் என்று பெரியவர் நாம் மன்றங்களிலே வாதிடுகின்றோம். அவர்களோ பூச்சுக்காகக் காத்திருக்கும் மரம் அல்லர். மேசையின்முன் அமர்ந்து, அரத்தாளும் தூரிகையுமாகத் தாமே தெரிவு செய்கின்றவர்கள். நாம் செய்யக்கூடியது, தெரிவு செய்யுமுன் அவர்கள் அறியவேண்டியதை அவர்கள் கையில் கொடுத்தலே. அன்னபூரணியின் கதையை யாரும் சொல்லாதிருந்தால், மேசையில் ஒரு கப்பலே இருந்திருக்கும்; வினாவும் ஒன்றாகவே முடிந்திருக்கும்.

சித்திரையில் வேலை தொடங்கிற்று. எஞ்சிய கீலங்களில் ஒருபுறம் பசை தடவியும் மறுபுறம் தடவாமலும், முற்பூச்சு இட்டும் இடாமலும், எட்டுத் துண்டுகளைச் சாயமிட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றின் பின்னும் செய்த முறையைத் தமிழில் எழுதிவைத்தாள். ‘முற்பூச்சு’, ‘கலப்பற்று’, ‘வங்கு’, ‘ஏரா’ என்னும் சொற்கள் அவளுடைய கொப்பியில் இடம்பெற்றது அவ்வாறுதான். பாடநூலில் இவற்றைத் தந்திருந்தால் மனனம் செய்து மறந்திருப்பாள். கையால் தொட்டுப் பெற்றமையால் அவை நிலைத்தன. தமிழ் வகுப்புகளை நடத்தும் அன்பர்கள் இதனைச் சிறிது கருதுதல் நன்று.

புளூநோஸ் மும்முறை கருமை பூசப்பெற்று நிறைவெய்தியது. மற்றையதற்கு அளவெடுத்த வரைபடம் எம்மிடம் இல்லாமையால், படங்களையும் அப்பம்மாவின் சொல்லையும் துணையாகக் கொண்டு, பாதி உடலை மட்டும் பலகையொன்றிற் பதித்த அரைக்கப்பலாக அதனை அமைத்தாள். ஒரு பகுதியைப் பலகையிட்டு மூடாது, வங்குகள் தெரியவிட்டாள். மெல்லிய பழுப்புச் சாயமும் அதன்மேல் ஒளியற்ற தெளிபூச்சும் அன்றி வேறெதுவும் இல்லை. அச்சொட்டான உருவம் அன்று என்பதால், அதற்கு ‘வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்’ என்றே பெயரிட்டாள். அதன்கீழ், ‘இத்தகைய கப்பல் ஒன்று 1938இல் அமெரிக்கா சென்றது’ என எழுதினாள். தெரிந்ததற்கு அப்பால் ஒரு சொல்லும் கூறாத அவ்வரி எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்விரண்டு கப்பல்களும் இவ்வாண்டு விழாவின்போது மண்டப வாயிலில் ஒரே மேசையில் வைக்கப்படும். அவற்றருகே ஒரு கொப்பியும் பேனாவும் இருக்கும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை முதலிய துறைகளில் பாய்க்கப்பல்களைக் கண்டவரும், தந்தையாரோ பாட்டனாரோ கப்பல் கட்டியதாகவோ ஓட்டியதாகவோ கேட்டறிந்தவரும் இக்கூட்டத்தில் இருத்தல் கூடும். அவர்கள் சற்றே நின்று, நினைவில் உள்ளதைச் சொல்லுமாறு வேண்டுகின்றேன். மரத்தின் பெயரா, பாயின் துணியா, பூசிய எண்ணெயா, எதுவாயினும் நன்று. ஒருவேளை நிறத்தையே நேரிற் கண்டவரும் வரக்கூடும். என் மகள் எழுதிக்கொள்வாள். தூரிகையும் ஆயத்தமாக இருக்கிறது.